மருந்தின் ஆயுளை வரையறுக்கும் நொதிகள்

நோயாளி ஒருவர் மாத்திரையை விழுங்கிய கணத்திலிருந்து இரண்டு செயல்கள் ஒருங்கே தொடங்குகின்றன. மருந்து நோயை எதிர்க்கப் புறப்படுகிறது. உடலோ அந்த மருந்தை அழித்து வெளியேற்றப் புறப்படுகிறது. முதற்செயலை அனைவரும் அறிவர். இரண்டாவது செயல் பொதுமக்களின் கவனத்திற்கு அதிகமாக வருவதில்லை. ஆயினும், ஒரு மருந்தை நாளொன்றுக்கு எத்தனை முறை, எந்த அளவில், வேறு எந்த மருந்துகளை விலக்கி உட்கொள்ள வேண்டும் என்பவற்றைப் பெரும்பாலும் இந்த இரண்டாவது செயலே நிர்ணயிக்கிறது. வைரஸ்களை எதிர்க்கும் மருந்துகளின் வரலாற்றில் இவ்வுண்மை பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. ஒரு முறை மனித உயிர்களைப் பலிகொண்டும் வெளிப்பட்டது.

இச்செயலை நடத்துபவை நொதிகள் அல்லது என்சைம்கள் எனப்படும் புரதங்களாகும். உணவைச் செரிக்கச் செய்யும் நொதிகளைப் பற்றிப் பள்ளி மாணவரும் அறிவர். மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் அவற்றினின்றும் வேறானவை. அவை பெரும்பாலும் கல்லீரலிலும், ஓரளவு சிறுகுடலின் சுவரிலும் அமைந்துள்ளன. மருந்துகள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்நொதிகள் விலங்குகளின் உடலில் இருந்தன. தாவரங்களிலுள்ள நச்சுப் பொருள்களிலிருந்து உடலைக் காப்பதும், உடலில் ஊறும் சில ஹார்மோன்களை வேலை முடிந்ததும் அகற்றுவதும் அவற்றின் பணிகளாகும். வெளியிலிருந்து வரும் பொருள் நஞ்சா, நோய் தீர்க்கும் மருந்தா என்னும் வேற்றுமையை அவை அறியா. தம் பிடியில் பொருந்தும் அமைப்புடைய எப்பொருளையும் அவை மாற்றிவிடுகின்றன.

சிதைவின் இரு கட்டங்கள்

உடலிலிருந்து வேண்டாத பொருள்களை வெளியேற்றும் முக்கிய வழி சிறுநீரகமாகும். ஆனால் நீரில் எளிதாகக் கரையும் பொருள்களையே சிறுநீரகம் நன்கு வெளியேற்றும். கொழுப்பில் கரையும் பொருள் சிறுநீரகத்தின் நுண்குழல்களில் வடிந்த பின்னரும், அக்குழல்களின் சுவர் வழியே மீண்டும் இரத்தத்திற்குத் திரும்பிவிடும். குடலின் சுவரை ஊடுருவி இரத்தத்தில் கலக்க வேண்டிய மருந்துகளுள் பல கொழுப்பில் கரையும் தன்மை உடையவை. அவற்றை நீரில் கரையும் பொருள்களாக மாற்றுவதே கல்லீரலின் பணி.

இம்மாற்றம் பொதுவாக இரு கட்டங்களில் நிகழ்கிறது. முதற்கட்டத்தில் மருந்தின் மூலக்கூறுடன் பிராணவாயுவின் அணு ஒன்று சேர்க்கப்படுகிறது. அல்லது மூலக்கூறு ஓரிடத்தில் பிளக்கப்படுகிறது. இரண்டாவது கட்டத்தில், குளுக்குரோனிக் அமிலம், கந்தகத்தைக் கொண்ட சல்பேட்டு போன்ற நீரில் கரையும் பொருளொன்று மருந்துடன் பிணைக்கப்படுகிறது. சில மருந்துகள் முதற்கட்டத்தைக் கடவாமல் நேரே இரண்டாவது கட்டத்திற்கே செல்வதும் உண்டு.

இத்தகைய மாற்றங்கள் உடலில் நிகழ்கின்றன என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரியவந்தது. 1842ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் கெல்லர் என்பவர் பென்சாயிக் அமிலத்தைத் தாமே உட்கொண்டு, அது தம் சிறுநீரில் ஹிப்பூரிக் அமிலம் என்னும் வேறொரு பொருளாக வெளிப்படுவதைக் கண்டார். உடல் தன்னுள் புகும் பொருளை அப்படியே விட்டுவிடுவதில்லை என்பதற்கு இது தெளிவான சான்றாயிற்று. எனினும், இவ்வேலையைச் செய்யும் நொதிகள் எவை என்பது தெரிய மேலும் நூறாண்டுகளுக்கு மேல் ஆயின.

1958ஆம் ஆண்டில் மார்ட்டின் கிளிங்கன்பர்க், டேவிட் கார்ஃபிங்கல் ஆகிய இரு விஞ்ஞானிகள், கல்லீரல் உயிரணுக்களின் நுண்துணுக்குகளில் புதுவகை நிறப்பொருள் ஒன்று இருப்பதைத் தனித்தனியே அறிவித்தனர். கார்பன் மோனாக்ஸைடு வாயு அதனுடன் சேரும்போது, அது 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை மிகுதியாக உறிஞ்சியது. ஜப்பானியரான ட்சுனியோ ஓமுராவும் ரியோ சாட்டோவும் அதன் இயல்பை ஆராய்ந்து, 1962இல் அதற்கு ‘பி-450’ என்னும் பெயரைச் சூட்டினர். நிறமி என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தும் ஒளியின் அலைநீளமும் சேர்ந்து அமைந்த இப்பெயரே இன்றளவும் நிலைத்துள்ளது.

இந்த ‘சைட்டோகுரோம் பி-450’ என்பது ஒரு தனி நொதியன்று, ஒரு பெருங்குடும்பமாகும். மனிதரிடத்தில் இக்குடும்பத்தைச் சேர்ந்த 57 மரபணுக்கள் செயற்படுகின்றன. ஒவ்வொரு நொதியின் நடுவிலும், இரத்தத்திற்குச் செந்நிறம் அளிக்கும் ஹீம் என்னும் பொருளும், அதன் மையத்தில் ஓர் இரும்பணுவும் உள்ளன. சுவாசத்தின் வழியே வந்த பிராணவாயு மூலக்கூறு இவ்விரும்பணுவில் வந்து சேர்கிறது. அதன் இரு அணுக்களில் ஒன்று மருந்துடன் இணைகிறது, மற்றொன்று நீராகிறது. இக்குடும்பத்தின் உறுப்புகளை எண்களாலும் எழுத்துகளாலும் குறிப்பிடுவது வழக்கம். அவற்றுள் ‘3ஏ4’ எனப்படுவது மிக முக்கியமானது. அதன் உட்குழிவு பெரியது. ஆகையால் பலவகை வடிவங்களைக் கொண்ட மூலக்கூறுகளை அது ஏற்கிறது. கல்லீரலில் மட்டுமன்றிச் சிறுகுடலின் சுவரிலும் அது நிறைந்திருப்பதால், வாய்வழி உட்கொள்ளும் மருந்தில் ஒரு பகுதி இரத்தத்தை அடையும் முன்னரே அதனால் அழிக்கப்படுகிறது.

தடையே துணையான வரலாறு

எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. என்னும் வைரஸ், தன் புரதங்கள் பலவற்றை ஒரு நீண்ட சங்கிலியாகவே உற்பத்தி செய்கிறது. வைரஸுக்கே உரிய புரோட்டியேஸ் என்னும் நொதி அச்சங்கிலியைத் தக்க இடங்களில் வெட்டினாலன்றி, பிறருக்குப் பரவக்கூடிய முதிர்ந்த வைரஸ் உருவாகாது. இந்நொதியின் வாயை அடைத்துவிடும் மருந்துகளை விஞ்ஞானிகள் அமைத்தனர். அவ்வகையில் முதலாவதான சாக்வினாவிர் 1995 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சோதனைக் குழாயில் அது வல்லமை வாய்ந்ததாக விளங்கியது. மனித உடலிலோ அதன் நிலை பரிதாபமாக இருந்தது. உட்கொண்ட மருந்தில் ஏறத்தாழ நூற்றில் நான்கு பங்கே இரத்த ஓட்டத்தை அடைந்தது. இதற்கு முக்கிய காரணம் 3ஏ4 நொதியே. புரோட்டியேஸை அடைக்கும் மருந்துகள் அளவில் பெரிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறுகளாகும். இத்தகைய மூலக்கூறுகளையே 3ஏ4 நொதி எளிதிற் பற்றுகிறது.

1996 மார்ச்சில் ரிட்டோனாவிர் என்னும் மற்றொரு மருந்து அனுமதி பெற்றது. எளிதில் சிதையாதிருக்க வேண்டும் என்னும் நோக்கத்துடன் அதன் அமைப்பில் தையசோல் என்னும் வளையங்கள் சேர்க்கப்பட்டிருந்தன. பின்னர் ஆராய்ந்தபோது எதிர்பாராத உண்மை ஒன்று வெளிப்பட்டது. ரிட்டோனாவிர் 3ஏ4 நொதியின் குழிவினுள் நுழைந்து, தன் வளையத்திலுள்ள நைட்ரஜன் அணுவால் அங்குள்ள இரும்பணுவைப் பற்றிக்கொள்கிறது. பிராணவாயு வந்து அமர வேண்டிய இடம் இவ்வாறு அடைபட்டுவிடுகிறது; நொதி செயலிழக்கிறது.

தொடக்கத்தில் இது ஒரு குறையாகவே தோன்றியது. ஏனெனில், நோயாளி உட்கொள்ளும் பிற மருந்துகள் சிதையாமல் உடலில் தேங்கிவிடும் அபாயம் இதில் இருந்தது. ஆனால் விரைவிலேயே ஆராய்ச்சியாளர் இக்குறையை நன்மையாக மாற்றினர். சாக்வினாவிருடன் ரிட்டோனாவிரைச் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சாக்வினாவிரின் அளவு பன்மடங்கு உயர்ந்தது. ரிட்டோனாவிரை மட்டும் வைரஸை எதிர்க்கும் மருந்தாகக் கொடுக்க வேண்டுமானால் 600 மில்லிகிராமை நாள்தோறும் இருமுறை கொடுக்க வேண்டும். அந்த அளவில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் நோயாளிகளை வாட்டின. நொதியைத் தடுப்பதற்கோ 100 மில்லிகிராம் போதுமானது. 2000ஆம் ஆண்டில் அனுமதி பெற்ற கூட்டு மருந்தில், லோப்பினாவிர் 400 மில்லிகிராமுக்கு ரிட்டோனாவிர் 100 மில்லிகிராம் என்ற அளவில் ஒருவேளை மருந்து அமைந்தது. வைரஸை எதிர்த்தது லோப்பினாவிர். அதன் ஆயுளைக் காத்தது ரிட்டோனாவிர். வைரஸை எதிர்க்கும் ஆற்றல் சற்றுமின்றி, நொதியைத் தடுக்கும் பணியை மட்டும் செய்யும் கோபிசிஸ்டாட் என்னும் பொருளும் பின்னர் உருவாக்கப்பட்டது.

இதே உபாயம் கோவிட் நோய்க்கும் பயன்பட்டது. 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அவசரகால அனுமதி பெற்ற சிகிச்சையில், நிர்மட்ரெல்விர் 300 மில்லிகிராமும் ரிட்டோனாவிர் 100 மில்லிகிராமும் சேர்த்து, நாள்தோறும் இருமுறையாக ஐந்து நாட்களுக்கு அளிக்கப்பட்டன. கொரோனா வைரஸின் புரோட்டியேஸை அடைப்பது நிர்மட்ரெல்விராகும். 3ஏ4 நொதி அதையும் விரைந்து சிதைப்பதால் ரிட்டோனாவிரின் துணை வேண்டியதாயிற்று.

நொதியைத் தடுப்பது இருபுறமும் கூர்மையுள்ள ஆயுதமாகும். ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கப்படும் எர்கோட்டமின் என்னும் மருந்தையும் 3ஏ4 நொதியே அகற்றுகிறது. ரிட்டோனாவிர் உட்கொள்பவர் அதனையும் உட்கொண்டால், அது இரத்தத்தில் தேங்கிக் கை கால்களின் இரத்தக் குழாய்களை இறுக்கிவிடும். உறுப்பு அழுகவும் கூடும். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் தேங்கினால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் பழுதுறும். ஆஸ்துமாவுக்காக மூச்சுடன் உள்ளிழுக்கும் புளூட்டிக்கசோன் கூட ரிட்டோனாவிருடன் சேரும்போது உடலில் தேங்கி, முகம் வீங்குதல் முதலிய ஸ்டீராய்டு மிகைப்பின் அறிகுறிகளை உண்டாக்கும். இந்த மருந்துகள் ஒவ்வொன்றும் தனியே பயன் தருவனவே. சேர்க்கையே தீமை பயக்கிறது.

ஜப்பானில் நேர்ந்த துயரம்

நொதியைத் தடுப்பதன் விளைவு எவ்வளவு கொடியதாக இருக்கக்கூடும் என்பதை 1993ஆம் ஆண்டில் ஜப்பானில் நேர்ந்த நிகழ்ச்சி உணர்த்தியது. அக்கி நோய்க்கு எதிராகச் சோரிவுடின் என்னும் மருந்து அவ்வாண்டு செப்டம்பரில் அங்கு விற்பனைக்கு வந்தது. அக்கியை உண்டாக்கும் வைரஸை ஒடுக்குவதில் அது ஆற்றல் மிக்கதாக விளங்கியது. ஆனால் ஏறத்தாழ 40 நாட்களுக்குள், அதனை உட்கொண்டவர்களில் 15 பேர் இறந்தனர். அவர்கள் புற்றுநோய்க்காக 5-புளூரோயுராசில் வகையைச் சேர்ந்த மாத்திரைகளையும் உட்கொண்டு வந்தவர்கள்.

புற்றுநோயாளியின் உடல் நலிவுற்றிருக்கும்போது அக்கி தோன்றுவது அரிதன்று. எனவே இவ்விரு மருந்துகளும் ஒரே நோயாளியிடம் சேர்வது எதிர்பார்க்கத்தக்கதே. இச்சேர்க்கை எவ்வாறு உயிரைப் பறித்தது என்பதை ஆராய்ச்சிகள் படிப்படியாக விளக்கின. சோரிவுடினை முதலில் குடலில் வாழும் பாக்டீரியங்கள் மாற்றுகின்றன. புரோமோவினைல்யுராசில் என்னும் பொருள் பிறக்கிறது. அப்பொருள் கல்லீரலை அடைகிறது. அங்கே டைஹைட்ரோபிரிமிடின் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி அதனைச் சிதைக்க முற்படுகிறது. அம்முயற்சியில் பிறக்கும் புதுப்பொருள், தன்னைப் பிறப்பித்த நொதியுடனேயே மீளா வண்ணம் பிணைந்து, அதனை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்கிறது. புதிய நொதி உருவாகும் வரை அவ்வேலையைச் செய்ய உடலில் வேறு வழியில்லை.

புற்றுநோய் மருந்தான புளூரோயுராசிலைச் சிதைப்பதும் இதே நொதிதான். வழக்கமாக உடலில் புகும் புளூரோயுராசிலில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் இந்நொதியால் சிதைக்கப்பட்டுவிடுகிறது. அந்தச் சிதைவையும் கணக்கில் கொண்டே மருந்தின் அளவு நிர்ணயிக்கப்பட்டிருந்தது. நொதி அழிந்ததும், வழக்கமான அளவே கொடிய நஞ்சின் அளவாயிற்று. எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்களின் உற்பத்தி நின்றது. குடலின் உட்சவ்வு உரிந்தது. மருந்து விற்பனைக்கு வருமுன் நடந்த மருத்துவச் சோதனைகளின்போதே இத்தகைய மரணங்கள் மூன்று நேர்ந்திருந்தன. அந்த எச்சரிக்கை உரிய அளவில் கவனிக்கப்படவில்லை. இறுதியில் சோரிவுடின் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் சோரிவுடின் தானாக எவரையும் கொல்லவில்லை; புளூரோயுராசிலும் பல்லாண்டுகள் பழகிய மருந்தே. இரண்டிற்கும் பொதுவான நொதி ஒன்று உண்டு என்பதே மரணத்திற்கு வழிவகுத்தது. புதிய மருந்து எந்த நொதியால் சிதைகிறது, எந்த நொதியைத் தடுக்கிறது என்பவற்றை முன்கூட்டியே ஆராய்ந்தறிய வேண்டியதன் அவசியத்திற்கு இது அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்ச்சியாக விளங்குகிறது.

காசநோய் மருந்தும் நொதிப் பெருக்கமும்

நொதி தடைபடுவது ஓர் இடர் என்றால், நொதி பெருகுவது மற்றோர் இடராகும். இந்தியாவிற்கு இந்த இரண்டாவது இடரே மிகவும் முக்கியமானது. எச்.ஐ.வி. தொற்றியவர்களின் உடலில் எதிர்ப்பாற்றல் குன்றுவதால், அவர்களைக் காசநோய் எளிதில் பற்றுகிறது. இரு நோய்களுக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை அளிக்க வேண்டிய நிலை நம் நாட்டு மருத்துவமனைகளில் அடிக்கடி ஏற்படுகிறது.

காசநோய்ச் சிகிச்சையின் தூணாக விளங்குவது ரிஃபாம்பிசின். அது கல்லீரல் உயிரணுவினுள் புகுந்ததும், அங்குள்ள ஒரு காவற்புரதத்துடன் இணைகிறது. 1998ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட அப்புரதம், அந்நியப் பொருள்களின் வரவை உணர்ந்து மரபணுக்களை எழுப்பும் தன்மையது. எழுப்பப்பட்ட மரபணுக்கள் 3ஏ4 முதலிய நொதிகளை மிகுதியாக உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன. இப்பெருக்கம் ஒரே நாளில் நிகழ்வதன்று. ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரங்களில் உச்சத்தை அடைகிறது. ரிஃபாம்பிசினை நிறுத்திய பின்னரும் அது தணிய இரண்டு வாரங்கள் வரை ஆகும்.

பெருகிய நொதிகள் ரிஃபாம்பிசினுடன் உட்கொள்ளப்படும் பிற மருந்துகளையும் விரைந்து அழிக்கின்றன. லோப்பினாவிர் போன்ற மருந்துகளின் அளவு இரத்தத்தில் பெரும்பகுதி குறைந்துவிடுகிறது. ரிட்டோனாவிரின் துணையும் அங்கே போதுமானதாக இல்லை. மருந்து குறைவதன் தீமை சிகிச்சை பயனற்றுப் போவதுடன் முடிவதில்லை. வைரஸை முற்றிலும் ஒடுக்காத குறைந்த அளவு மருந்திடையே பெருகும் வைரஸ்களில், அம்மருந்தைத் தாங்கவல்லவை எஞ்சித் தழைக்கின்றன. பின்னர் முழு அளவில் மருந்து கொடுத்தாலும் அது பயன்படாது. ஒருவரிடத்தில் உருவான இத்தகைய வைரஸ் பிறருக்கும் பரவக்கூடும். ஆதலால் இத்தகைய மருந்துகளை உட்கொள்பவர்களுக்குக் காசநோய் கண்டால், ரிஃபாம்பிசினுக்குப் பதிலாக நொதிகளைக் குறைவாகவே தூண்டும் ரிஃபாபுட்டின் கொடுக்கப்படுகிறது.

2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவச எச்.ஐ.வி. சிகிச்சையைத் தொடங்கியபோது, நெவிராப்பின் என்னும் மருந்து அதில் முக்கிய இடம் பெற்றது. நெவிராப்பின் தன்னைச் சிதைக்கும் நொதிகளைத் தானே பெருக்கிக்கொள்ளும் விந்தையான இயல்புடையது. அதனால் முதல் 14 நாட்கள் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமும், நொதிகள் பெருகிய பின் அதுபோல் இருமடங்கும் கொடுக்கப்படுவது வழக்கம். இதனுடன் ரிஃபாம்பிசினும் சேருமாயின் மருந்தின் அளவு மேலும் தாழ்கிறது. சென்னையிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் தென்னிந்திய நோயாளிகளிடம் இத்தாழ்வை அளந்து ஆராய்ந்தனர். காசநோயும் உள்ளவர்களுக்கு, நாளொன்றுக்கு ஒருமுறை கொடுக்கப்படும் நெவிராப்பினையும் எஃபாவிரென்ஸ் என்னும் மருந்தையும் ஒப்பிட்டு அவர்கள் நடத்திய சோதனையின் முடிவு 2011இல் வெளியாயிற்று. நெவிராப்பின் பெற்றவர்களிடையே தோல்வி மிகுந்ததால் அச்சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது.

அண்மைக் காலத்தில் இந்தியாவில் முதல்நிலைச் சிகிச்சையில் டொலுட்டெக்ராவிர் இடம்பெற்றுள்ளது. இம்மருந்தைப் பெரும்பாலும் குளுக்குரோனிக் அமிலத்துடன் பிணைக்கும் நொதியும், சிறிதளவு 3ஏ4 நொதியும் அகற்றுகின்றன. ரிஃபாம்பிசின் இவ்விரண்டையும் பெருக்குகிறது. ஆயினும் இங்கே எளிய பரிகாரம் உண்டு. வழக்கமாக நாளொன்றுக்கு ஒருமுறை அளிக்கப்படும் 50 மில்லிகிராமை, ரிஃபாம்பிசின் உட்கொள்ளும் காலத்தில் இருமுறையாக அளித்தால் இரத்தத்தில் தேவையான அளவு நிலைபெறுகிறது. ரிஃபாம்பிசின் முடிந்த பின்னும் இரண்டு வாரங்கள் இந்த இருமுறை அளவு தொடர வேண்டும். பெருகிய நொதிகள் தணிவதற்கு அவ்வளவு காலம் தேவை என்பதே இதற்குக் காரணம். அந்த இரண்டாவது மாத்திரை வேண்டாத சுமை என எண்ணி அதனைக் கைவிடும் நோயாளி, தம்மையறியாமலே வைரஸுக்கு இடமளித்துவிடுகிறார்.

மனிதருக்கு மனிதர் வேற்றுமை

ஒரே மருந்தை ஒரே அளவில் உட்கொள்ளும் இருவரிடம் விளைவு ஒன்றாக இருப்பதில்லை. எஃபாவிரென்ஸைச் சிதைப்பது பி-450 குடும்பத்தின் ‘2பி6’ என்னும் நொதியாகும். இந்நொதிக்குரிய மரபணுவில் 516ஆம் இடத்தில் ஓரெழுத்து மாறியிருப்பது பல இனத்தாரிடமும் காணப்படுகிறது; தென்னிந்தியரிடமும் அது ஆராயப்பட்டுள்ளது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இம்மாற்றத்தைப் பெற்றவரின் உடலில் மருந்து மெதுவாகச் சிதைகிறது. இரத்தத்தில் அதன் அளவு மிகுகிறது. தலைச்சுற்றல், உறக்கமின்மை, கலவரமூட்டும் கனவுகள் ஆகியவை அவர்களைத் துன்புறுத்தக்கூடும். நோயாளி கூறும் இக்குறைகள் வெறும் மனப்பிராந்தி அல்ல. நொதியின் வேற்றுமையால் விளைபவையாகவும் இருக்கலாம்.

வயதும் கணக்கில் கொள்ளத்தக்கது. 1987இல் அனுமதி பெற்ற, எச்.ஐ.வி.க்கு எதிரான முதல் மருந்தாகிய சைடோவுடின், கல்லீரலில் குளுக்குரோனிக் அமிலத்துடன் பிணைக்கப்பட்டு வெளியேறுகிறது. வளர்ந்தவரின் இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். பிறந்த குழந்தையின் கல்லீரலிலோ இந்த நொதி முழுமையாக வளர்ச்சி பெற்றிருப்பதில்லை. ஆகவே பச்சிளங்குழந்தைக்கு, அதிலும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, மருந்தின் அளவு தனியே கணக்கிடப்படுகிறது.

உணவும் மூலிகைகளும் கூட நொதிகளைப் பாதிக்கின்றன. கிரேப்ப்ரூட் எனப்படும், பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து தோன்றிய பழத்தின் சாறு, குடற்சுவரிலுள்ள 3ஏ4 நொதியை அழிக்கிறது. கனடாவில் டேவிட் பெய்லியும் அவருடைய குழுவினரும் மற்றோர் ஆராய்ச்சியின்போது தற்செயலாக இதனைக் கண்டறிந்து 1989இல் வெளியிட்டனர். இதற்கு மாறாக, மனச்சோர்வுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மக்கள் தாமே வாங்கி உண்ணும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகை நொதியைப் பெருக்குகிறது. அதனை உண்ட ஆரோக்கியமான தொண்டர்களின் இரத்தத்தில், இண்டினாவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்தின் மொத்த அளவு நூற்றுக்கு 57 பங்கு குறைந்தது என 2000ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க ஆராய்ச்சி காட்டிற்று. இயற்கைப் பொருள் ஆதலால் தீங்கற்றது என்னும் எண்ணம் எப்போதும் சரியன்று என்பதை இது தெளிவாக்குகிறது.

அழிக்கும் கையே ஆக்குவதும் உண்டு

நொதிகளை மருந்தின் பகைவர்களாக மட்டும் கருதுவது பொருந்தாது. அவற்றின் இயல்பை அறிந்து அவற்றையே பணியாளராக அமர்த்தும் முறையும் உண்டு. வைரஸ் மருந்தான அசைக்ளோவிர் குடலால் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. உட்கொண்டதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகவே இரத்தத்தை அடைகிறது. அதனுடன் வேலின் என்னும் அமினோ அமிலத்தை இணைத்து வாலாசைக்ளோவிர் ஆக்கியபோது குடல் அதனை நன்கு ஏற்றது. உள்ளே சென்றதும் உடலின் நொதிகள் அவ்விணைப்பை அறுத்து அசைக்ளோவிரை விடுவிக்கின்றன. ஏறத்தாழ பாதி மருந்து இரத்தத்தை அடைகிறது. இன்புளூயன்சாவுக்குக் கொடுக்கப்படும் ஓசெல்டாமிவிர் கூட, கல்லீரலின் எஸ்டரேஸ் நொதி அதனைப் பிளந்த பின்னரே வைரஸை எதிர்க்கும் உருவத்தைப் பெறுகிறது. பிளப்பதே இங்கு மருந்துக்கு உயிரூட்டுகிறது.

இவ்வாறு, ஒரு மருந்தின் வெற்றி அது வைரஸைத் தாக்கும் வல்லமையால் மட்டும் கிட்டுவதன்று. உடலின் நொதிகளிடையே அது எவ்வளவு காலம், எந்த உருவத்தில் நிலைக்கிறது என்பதாலும் கிட்டுவதாகும். அதனால் இக்காலத்தில் புதிய மருந்து எதுவும் மக்களிடம் வருமுன், எந்த நொதி அதனைச் சிதைக்கிறது, அது எந்த நொதியைத் தடுக்கிறது அல்லது பெருக்குகிறது என்பவை ஆராயப்படுகின்றன.

ஆயினும் ஆராய்ச்சிக்கூடத்தில் கிடைத்த அறிவு, மருத்துவரின் மேசையில் பயன்பட்டால்தான் உயிர்களைக் காக்கும். ஒரு நோய்க்கு ஓரிடத்திலும் மற்றொரு நோய்க்கு வேறோரிடத்திலும் மருந்து பெறும் நோயாளி, தாம் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் இரு மருத்துவர்களுக்கும் தெரிவித்தல் வேண்டும். கடையில் தாமே வாங்கிய மாத்திரையையும், வீட்டில் வழங்கும் மூலிகையையும் அவற்றுடன் சேர்த்தே கூறுதல் வேண்டும். மருத்துவரும் மருந்தாளரும் அவற்றைக் கேட்டறியத் தவறலாகாது. 1993இல் ஜப்பானில் மாண்டோரின் உடல்களில் சேர்ந்தவை, தனித்தனியே நன்மை கருதிக் கொடுக்கப்பட்ட இரு மருந்துகளே. இரண்டையும் ஒருசேர நோக்கும் கண்ணே அங்கு இல்லாதுபோயிற்று.